பாரிஸ்டா கோர்ஸ் சேரணும், அடிப்படைகூட தெரியாது. எதை வச்சு நல்ல கோர்ஸ்னு கண்டுபிடிக்கிறது?

சாரல்23
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல ஓடிட்டு இருக்கு, இங்க விவரம் தெரிஞ்சவங்க இருப்பீங்கனு நம்பி கேக்குறேன். வயசு 31, இப்போ அக்கவுண்ட்ஸ் வேலை. எஸ்பிரெசோ மெஷின் பின்னாடி நின்னு காபி போடுற பாரிஸ்டா வேலை பாக்கணும்னு ஆசை, ஹாபிக்கு இல்ல, வேலையாவே மாத்திக்கணும். ஆனா மெஷினைத் தொட்டுகூடப் பாத்ததில்ல.

தேடினா நாலு விதமா வருது. முழுக்க ஆன்லைன், வீடியோ பாத்து முடிச்சா சர்டிபிகேட் அனுப்புறாங்க. அப்புறம் ஒரே நாள் ஒர்க்‌ஷாப். அப்புறம் சில வாரம் ஓடுற கோர்ஸ், அதுல "வேலை நிச்சயம்"னு பெருசா போட்டிருக்கு. கடைசியா எஸ்சிஏ ஃபவுண்டேஷன்னு ஒண்ணு, அது மத்ததுல இருந்து எப்படி வேறனே புரியல. எல்லா விளம்பரத்துலயும் பால் நுரையில படம் போடுற அதே லாட்டே ஆர்ட் போட்டோ, அதே "அனுபவம் வாய்ந்த பயிற்சியாளர்கள்". என்ன கேட்டா உண்மை வெளிய வரும்? பணம் ஒரு பக்கம், லீவு போட்டு போகணும், அந்த லீவு வீணாப் போகக்கூடாது, அதான் பெரிய கவலை.

க்ரூப்ஹெட்
வாங்க சாரல். நான் இந்த வேலையில பல வருஷமா இருக்கேன், புதுசா வர்றவங்களுக்கு கை பிடிச்சு சொல்லிக்குடுத்தும் இருக்கேன். சிலபஸ், சர்டிபிகேட், போட்டோ எல்லாத்தையும் ஓரமா வைங்க. போன் பண்ணி முதல்ல ஒரே கேள்வி கேளுங்க: ஒரு மெஷினுக்கு எத்தனை பேர்?

ஏன்னு கணக்கு போட்டு பாருங்க. ஒரு நாள் கிளாஸ் 6 மணி நேரம்னு வைங்க, அதுல பாதி காபி எங்க விளையுது, எப்படி வறுக்குறாங்கனு ஸ்லைடு போயிடும். மிச்சம் 3 மணி நேரம், அதாவது 180 நிமிஷம். ஒரு மெஷின், 8 பேர். தலைக்கு 22 நிமிஷம்தான் வரும். அந்த 22 நிமிஷத்துல தூள் அரைச்சு, அதை அமுக்கி டேம்ப் பண்ணி, ஷாட் (ஒரு தடவை எடுக்குற எஸ்பிரெசோ) இறக்கி, ஆவியில பால் அடிச்சு, அந்த ஆவி வர்ற குழாயை, அதாவது வாண்டைத் துடைச்சு, ஜக்கைக் கழுவி அடுத்த ஆளுக்கு விடணும். அஞ்சாறு கப் போட்டா அதிகம். அஞ்சாறு கப்ல யாருக்குமே கை வராது, சித்திரமும் கைப்பழக்கம்னு சும்மாவா சொன்னாங்க. அதே 3 மணி நேரம், ரெண்டு க்ரூப் மெஷின் (காபி இறங்குற இடம் ரெண்டு இருக்கும்), 4 பேர்னா ரெண்டு பேர் ஒரே நேரத்துல நிக்கலாம், தலைக்கு 90 நிமிஷம். ரெண்டும் விளம்பரத்துல "ஒரு நாள் பாரிஸ்டா பயிற்சி"தான்.

இன்னொண்ணு, கிளாஸ்ல எத்தனை லிட்டர் பால் செலவாகும்னு கேளுங்க. கேட்டா விசித்திரமா பாப்பாங்க, பரவாயில்ல. ஒரு கப்புசினோவுக்கு சுமார் 150 மில்லி வேணும். 8 பேர் ஆளுக்கு 10 தடவை அடிக்கணும்னா 12 லிட்டர். "ரெண்டு மூணு பாக்கெட் வாங்கி வைப்போம்"னு பதில் வந்தா, அங்க பால் அடிக்கப் போறது ட்ரெய்னர், நீங்க இல்ல.

சாரல்23
க்ரூப்ஹெட் அண்ணா, இந்தக் கணக்கு எனக்குத் தோணவே இல்ல, அதுவும் தினமும் கணக்குலயே உக்காந்திருக்கேன். ரொம்ப நன்றி. எஸ்சிஏ பத்தி யாராவது சொல்ல முடியுமா?

அரவை_அளவு
நான் சொல்றேன். பயிற்சி குடுக்குறதுதான் என் வேலை, அதனால எந்த இடத்தையும் பேர் சொல்லி சிபாரிசு பண்ண மாட்டேன், பொதுவா விளக்கிடுறேன்.

எஸ்சிஏங்கிறது ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன். அமெரிக்காவுல ஒரு சங்கம், ஐரோப்பாவுல ஒரு சங்கம்னு தனித்தனியா இருந்து 2017ல ஒண்ணா சேர்ந்தது. அவங்க பயிற்சித் திட்டத்துல அறிமுகப் பாடம் ஒண்ணு, அது போக பாரிஸ்டா ஸ்கில்ஸ், ப்ரூயிங், க்ரீன் காபி, ரோஸ்டிங், சென்சரின்னு அஞ்சு பிரிவு. ஒவ்வொண்ணுலயும் ஃபவுண்டேஷன், இன்டர்மீடியட், ப்ரொஃபஷனல்னு மூணு படி. உங்களுக்கு வேண்டியது பாரிஸ்டா ஸ்கில்ஸ் ஃபவுண்டேஷன். அதுக்கு முன் அனுபவம் எதுவும் தேவையில்ல, மெஷினைத் தொடாத ஆளும் சேரலாம்.

இதுல நல்ல விஷயம், எங்க படிச்சாலும் பாடத்திட்டம் ஒண்ணுதான், சர்டிபிகேட் பல நாட்டுல என்னனு தெரியும். குறை என்னன்னா, ஃபவுண்டேஷன்ங்கிறது சின்ன கோர்ஸ், பெரும்பாலும் ஒரு நாளு. கிரைண்டர் என்ன பண்ணுது, ஷாட் ஏன் புளிக்குது, பாலை எந்த சூட்டுல நிறுத்தணும், மெஷினை எப்படி கழுவணும், இதெல்லாம் புரிஞ்சிடும். காலை நேரக் கூட்டத்துல நின்னு சமாளிக்கிற வேகம் அந்த ஒரு நாள்ல வராது. எதிர்பார்ப்பை அந்த அளவுல வச்சுக்கிட்டா நல்ல கோர்ஸ்.

ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு, கவனம். "எஸ்சிஏ தரத்தில் பயிற்சி", "எஸ்சிஏ முறைப்படி" அப்படினு போட்டிருப்பாங்க, ஆனா முடிக்கும்போது கையில வர்றது அவங்க சொந்தமா அடிச்ச பேப்பர். உண்மையான எஸ்சிஏ கோர்ஸ் நடத்தணும்னா அந்த ட்ரெய்னர் ஏஎஸ்டியா இருக்கணும், எஸ்சிஏ அங்கீகரிச்ச பயிற்சியாளர்னு அர்த்தம். யார் ஏஎஸ்டினு எஸ்சிஏ வெப்சைட்லயே தேடலாம். "கிளாஸ் எடுக்கப்போறவர் ஏஎஸ்டியா, தேர்வு உண்டா, சர்டிபிகேட் எஸ்சிஏல இருந்து வருமா"னு மூணையும் சேர்த்து கேளுங்க. நிர்வாகி ஏஎஸ்டியா இருந்து கிளாஸ் வேற ஆள் எடுக்குறதும் நடக்குது.

அப்புறம் சில பேர் "க்யூ கிரேடர்" ஆகலாம்னு ஆசை காட்டுவாங்க. அது காபியை ருசி பாத்து மதிப்பெண் போடுற வேலைக்கானது, ரொம்பக் கஷ்டமான தேர்வு. ஆரம்பத்துல இருக்குறவங்க அந்தப் பக்கமே போக வேண்டாம்.

நேர்வழி
எல்லாரும் கோர்ஸ் கோர்ஸ்னு சொல்றீங்க, நான் வேற மாதிரி சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எதுக்கு கோர்ஸ்? நேரா ஒரு கஃபேல போய் ஹெல்பரா சேருங்க. கப் கழுவுங்க, டேபிள் துடைங்க, ஆர்டர் எடுங்க, ரெண்டு மூணு மாசத்துல யாராவது ஒரு நாள் லீவு போடுவான், உங்களை மெஷின்ல நிக்க வைப்பாங்க. நான் அப்படித்தான் வந்தேன், என்கூட வேலை பாத்த பாதி பேர் அப்படித்தான். சம்பளம் வாங்கிட்டே கத்துக்கலாம், பணம் கட்டி கத்துக்க வேண்டியதில்ல. கிளாஸ்ல ஒரு கப்பை நிதானமா போட்டு போட்டோ எடுப்பாங்க, கடையில எட்டு ஆர்டர் வரிசையில நிக்கும்போதுதான் உண்மையான பாடம்.

முதல்ஷிஃப்ட்
நேர்வழி சொல்றது தப்பில்ல, ஆனா அதுல பாதிதான் உண்மை. நான் கடையில ஆள் எடுக்குற இடத்துல இருக்கேன், அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன்.

கடையில சேர்ந்து கத்துக்குறது எந்தக் கடைங்கிறதைப் பொறுத்தது. நிறைய இடத்துல ஃபுல் ஆட்டோமேட்டிக் மெஷின் இருக்கு, பட்டனைத் தட்டினா அதுவே அரைச்சு அதுவே இறக்கும், பாலும் அதுவே அடிக்கும். அங்க ஒரு வருஷம் நின்னாலும் கிரைண்டரைத் திருப்பி அரவையை மாத்தத் தெரியாது. இன்னும் சில இடத்துல மெஷின் நல்ல மெஷின், ஆனா காலையில சீனியர் ஒருத்தர் செட் பண்ணிட்டு "யாரும் தொடாதீங்க"னு போயிடுவார். மத்தவங்களுக்கு அது ஏன் அந்த அளவுல இருக்குனு கடைசி வரைக்கும் தெரியாது. அதனால ஹெல்பரா சேர்றதா இருந்தாலும், "எத்தனை நாள்ல மெஷின்ல நிக்க விடுவீங்க, யார் சொல்லித் தருவாங்க"னு சேரும்போதே கேளுங்க.

இப்போ ஆள் எடுக்கும்போது நான் என்ன பாக்குறேன்னு சொல்றேன், கோர்ஸ் தேட இது உதவும். சர்டிபிகேட் இருந்தா சந்தோஷம், ஆர்வம் இருக்குனு தெரியுது, அவ்வளவுதான். ட்ரையல் ஷிஃப்ட்ல மெஷின் முன்னாடி நிக்க வைப்பேன். பால் அடிக்கிறதுக்கு முன்னாடி வாண்டைத் திறந்து ஒரு நொடி ஸ்டீம் விடுறாங்களா? உள்ள தேங்கி நிக்கிற தண்ணி பால்ல விழக்கூடாது. அடிச்சு முடிச்ச உடனே ஈரத்துணியால துடைச்சு, திரும்ப ஒரு தடவை ஸ்டீம் விடுறாங்களா? ஸ்டீமை நிறுத்தினதும் வாண்டு உள்ள ஆவி குளிர்ந்து பாலைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கும், அதை வெளிய தள்ளலன்னா உள்ளயே காய்ஞ்சு நாறும். யாரும் சொல்லாமயே இந்த ரெண்டையும் கை தானா செய்யுதுன்னா, இவங்களுக்கு யாரோ ஒழுங்கா சொல்லிக் குடுத்திருக்காங்கனு எனக்கு அந்த நொடியே தெரிஞ்சிடும். அதுக்கு அப்புறம் தாங்க ஆர்ட் எல்லாம். ஹார்ட், ட்யூலிப் வரலன்னா நான் சொல்லித் தர்றேன், சுத்தமா வேலை பாக்குற பழக்கத்தைப் பாதியில ஊட்டுறது ரொம்பக் கஷ்டம்.

உலக பாரிஸ்டா சாம்பியன்ஷிப் பாத்திருப்பீங்க, 15 நிமிஷத்துல 4 எஸ்பிரெசோ, 4 பால் பானம், அவங்களே உருவாக்குன 4 சிக்னேச்சர் பானம், மொத்தம் 12 குடுக்கணும். அந்த அளவு போட்டியிலயே துணி எங்க இருக்கு, மேடையில தூள் சிந்தியிருக்கானு பாத்து மார்க் போட்டாங்க. நம்ம கடைக்கு அது இன்னும் முக்கியம்.

நேர்வழி
ஆட்டோமேட்டிக் மெஷின் விஷயம் ஒத்துக்குறேன். ஆனா சாரல் மாதிரி வேலையை விட்டுட்டு வர்றவங்க, கோர்ஸுக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு வாரக் கடைசியாவது கடையில நின்னு பாக்கணும். எட்டு மணி நேரம் நின்னுட்டே இருக்கணும், கால் வலி, சூடு, வரிசையில நிக்கிறவங்களோட கோபம். அது ஒத்து வருமான்னு தெரியாம கோர்ஸ் முடிச்சு என்ன பண்றது? இதுல மட்டும் நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

முதல்ஷிஃப்ட்
அதுல நானும் உங்க பக்கம்தான்.

மஞ்சள்_குடை
என் அனுபவத்தையும் சொல்லிடுறேன், இடத்தோட பேர் வேண்டாம். "வேலை நிச்சயம்"னு சொன்ன ஒரு கோர்ஸ்ல சேர்ந்தேன். போன முதல் வாரம் முழுக்க நோட்ஸ். மெஷின் இருந்துச்சு, ஆனா ரெண்டு க்ரூப்ல ஒண்ணு வேலை செய்யல, சரி பண்ண ஆள் வர்றாங்கனு சொல்லிட்டே இருந்தாங்க, கோர்ஸ் முடியிற வரைக்கும் யாரும் வரல. காபிக்கொட்டை எப்போ வறுத்ததுனு பாக்கெட்ல தேதியே இல்ல, ஷாட் இறக்கினா மேல க்ரீமாவே, அந்தப் பழுப்பு நுரையே, நிக்காது. ட்ரெய்னர் "இப்படித்தான் இருக்கும்"னுட்டார். கடைசியில வேலைனு சொன்னது, அவங்களுக்குத் தெரிஞ்ச ரெண்டு கடையோட போன் நம்பர். எனக்கு இப்பவும் ஆத்திரமாத்தான் இருக்கு, ஏன்னா என்கூட சேர்ந்த ஒரு பொண்ணு நகையை அடகு வச்சு பணம் கட்டியிருந்துச்சு.

அதனால சாரல், "வேலை நிச்சயம்"னா என்ன அர்த்தம்னு எழுத்துல கேளுங்க. வேலை கிடைக்கலன்னா பணம் திரும்ப வருமா, எத்தனை நாளைக்குள்ள? இதுக்கு முன்னாடி படிச்சவங்க எங்க வேலை பாக்குறாங்க, ரெண்டு பேர்கிட்ட பேச முடியுமா? நேர்மையான இடம்னா யோசிக்காம பேச வைப்பாங்க. முக்கியமா, பணம் கட்டுறதுக்கு முன்னாடி நடக்குற கிளாஸ்ல ஒரு அரை மணி நேரம் ஓரமா உக்காந்து பாக்க விடச் சொல்லுங்க.

அரவை_அளவு
மஞ்சள்_குடை, இதைக் கேக்கவே கஷ்டமா இருக்கு. எங்க தொழில்ல இருக்குறவங்க செஞ்சதுங்கிறதால இன்னும் கஷ்டமா இருக்கு. வறுத்த தேதி பத்தி நீங்க சொன்னது ரொம்ப சரி. பழைய கொட்டையில பழகினா ஷாட் எப்படி இருக்கணும்னு கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாமயே போயிடும். வறுத்த உடனே இருக்குறதும் எஸ்பிரெசோவுக்கு சரி வராது, உள்ள வாயு நிறைய இருக்கும், ஒழுங்கா இறங்காது. சில நாள் ஆற விட்டுத்தான் எடுப்போம்.

சாரல்23
எல்லாரும் இவ்வளவு பொறுமையா எழுதுறீங்க, நன்றி. ஒரு இடத்துல போன்ல பேசினேன், "டயல் இன் பண்ண சொல்லித் தருவீங்களா"னு இன்னொரு தளத்துல படிச்சதை வச்சு கேட்டுட்டேன், அவர் "அதெல்லாம் அட்வான்ஸ், உங்களுக்கு செட் பண்ணிக் குடுத்துருவோம்"னார். அது சரியான பதிலா? அப்படினா என்னன்னே எனக்கு முழுசா தெரியல.

அரவை_அளவு
சரியான பதில் இல்ல சாரல். இதைக் கொஞ்சம் நீளமா சொல்றேன், ஏன்னா நல்ல கோர்ஸா இல்லையாங்கிறது இந்த ஒரு இடத்துலதான் தெரியும்.

டயல் இன்னா, இன்னைக்கு இருக்குற கொட்டைக்கு ஏத்த மாதிரி கிரைண்டரை சரி பண்றது. 18 கிராம் தூள் போட்டு, 36 கிராம் காபி 25ல இருந்து 30 செகண்டுக்குள்ள வரணும்னு வச்சுப்போம், ஆரம்பத்துக்கு இது நல்ல அளவு. கப்பை தராசு மேல வச்சு இறக்குறோம். 17 செகண்ட்லயே 36 வந்துடுச்சு. பாத்தாலே வெளிறிப்போய் தண்ணியா ஓடுது, குடிச்சா நாக்கு ஓரத்துல சுருக்குனு புளிக்குது, பின்னாடி ருசியே நிக்கல. தண்ணி தூளுக்குள்ள தங்காம ஓடிடுச்சு, எடுக்க வேண்டியதை எடுக்கல. அப்போ அரவையை நைஸாக்கணும். கிரைண்டரைக் கொஞ்சம் திருப்பிட்டு உடனே ஷாட் போடக்கூடாது, பிளேடுக்கு நடுவுல பழைய அரவைத் தூள் தேங்கியிருக்கும், கொஞ்சம் அரைச்சு தள்ளிட்டு அப்புறம்தான் போடணும். திரும்ப இறக்குறோம், இப்போ 41 செகண்ட், சொட்டு சொட்டா வருது, கருத்துப்போய் கசக்குது, வாய் வறண்டு போகுது. ரொம்ப நைஸாயிடுச்சு, பாதி தூரம் திரும்ப வரணும். அடுத்தது 28 செகண்ட். குடிச்சுப் பாத்தா புளிப்பு இருக்கு ஆனா குத்தல, இனிப்பு தெரியுது.

இதுல ஒரு நேரத்துல ஒரே ஒரு விஷயத்தைத்தான் மாத்தணும், அதான் விதி. அரவையை மாத்தும்போதே தூள் அளவையும் மாத்தினா எதனால ருசி மாறிச்சுனு யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு ஷாட்டையும் குடிச்சுப் பாக்கணும், செகண்டை மட்டும் பாத்து முடிவு பண்ணக்கூடாது.

இந்த மூணு நாலு ஷாட்டையும் புதுசா வந்தவங்க தன் கையால போட்டு, புளிப்பையும் கசப்பையும் பக்கத்து பக்கத்துல வச்சு குடிச்சுப் பாத்துட்டாங்கன்னா, பாதி படிப்பு முடிஞ்சுது. கடையில காலையில திறக்கும்போது ஒரு மாதிரி இருக்கும், மத்தியானம் சூடு ஏறினதும் வேற மாதிரி ஓடும், புது பாக்கெட் பிரிச்சா அதுவும் மாறும். "செட் பண்ணிக் குடுத்துருவோம்"னா, இது எதையுமே நீங்க பாக்கப் போறதில்ல. இது அட்வான்ஸ் கிடையாது, முதல் நாள் பாடம்.

க்ரூப்ஹெட்
இதுக்கு மேல விளக்க முடியாது. ஒண்ணே ஒண்ணு சேர்க்கிறேன், கிளாஸ்ல எத்தனை கிலோ கொட்டை செலவாகும்னும் கேளுங்க. ஒரு கிலோவுல 18 கிராம் வீதம் 55 ஷாட்தான் வரும், டயல் இன்ல போறது அதுலயே அடக்கம். கொட்டையை மிச்சம் பிடிக்கிற இடத்துல யாரும் உங்களைக் கிரைண்டரைத் திருப்ப விட மாட்டாங்க.

வீட்டுபார்
நான் தொழில் பண்றவன் இல்ல, வீட்டுல சின்ன மெஷின் வச்சு பழகுறேன். ஆன்லைன் பத்தி யாரும் சொல்லல, அதனால எழுதுறேன். ஆன்லைன் சர்டிபிகேட்டுக்குப் பணம் குடுக்காதீங்க, ஏட்டுச் சுரைக்காய்தான் அது. ஆனா பாடமா பாத்தா இலவசமாவே நல்ல விஷயம் நிறைய இருக்கு. ஜேம்ஸ் ஹாஃப்மன்னு ஒருத்தர், 2007ல உலக பாரிஸ்டா சாம்பியன், யூடியூப்ல எஸ்பிரெசோவை அடியில இருந்து விளக்கியிருக்கார், இங்கிலீஷ்தான் ஆனா நிதானமா பேசுவார், புரியும். கிளாஸுக்குப் போறதுக்கு முன்னாடியே டோஸ் (போடுற தூள் அளவு), யீல்டு (இறங்குற காபி அளவு), அரவை, டேம்பிங் இந்த வார்த்தையெல்லாம் பழகிட்டா, கிளாஸ்ல உங்க நேரம் முழுக்க மெஷின்ல போகும். ட்ரெய்னர் விளக்கிட்டு இருக்கும்போது நீங்க ஏற்கனவே தயாரா இருப்பீங்க.

பால் பத்தி ஒரு வழி சொல்றேன். பழக பாலே வேணும்னு இல்ல, தண்ணியில ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் விட்டு அடிச்சா கிட்டத்தட்ட பால் மாதிரியே நுரைச்சு சுத்தும். குடிக்கத்தான் முடியாது, கழுவிட்டு அடுத்து. பாலை வீணாக்குறோமேங்கிற பயம் இல்லாம எவ்வளவு வேணும்னாலும் பழகலாம்.

க்ரூப்ஹெட்
வீட்டுபார் சொன்னது நல்ல வழி, நானும் புதுசா வர்றவங்களை அப்படித்தான் ஆரம்பிக்க வைப்பேன். அதோட காதைத் தீட்டிக்கணும். வாண்டு நுனி பாலோட மேல்மட்டத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்போது பேப்பரை மெல்லக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும், அதுதான் காத்து உள்ள போற நேரம். ஜக்கோட வெளிப்பக்கம் கைக்கு வெதுவெதுப்பா தெரியிற வரைக்கும்தான் அந்த சத்தம் வேணும். அதுக்கு அப்புறம் நுனியைக் கொஞ்சம் உள்ள இறக்கி, ஓரமா சாய்ச்சு, பால் சுழல விடணும், சத்தம் அடங்கிடும், பெரிய நுரையெல்லாம் உடைஞ்சு பெயிண்ட் மாதிரி பளபளனு ஆகும். கீச்சுனு அலறல் வந்தா காத்து போகல, பால் வெறுமனே கொதிக்குது. 55ல இருந்து 65 டிகிரிக்குள்ள நிறுத்தணும், கையை ஜக்குல வைக்க முடியாத சூடு வந்ததும் மூடிடலாம். 70 தாண்டினா பாலோட இனிப்பு போயி வெந்த வாடை வந்துடும்.

நல்ல ட்ரெய்னர் உங்க பின்னாடி நின்னு, பாக்காமயே சத்தத்தை வச்சு "இப்போ இறக்குங்க"ம்பார். ஓரமா உக்காந்து கிளாஸ் பாக்கப் போறீங்கல்ல, இதைக் கவனிங்க.

சாரல்23
அப்டேட் போட வந்தேன். ரெண்டு இடத்துக்கு நேர்ல போய் பாத்துட்டேன்.

பெரிய விளம்பரம் பண்ற இடத்துல கிளாஸ் பாக்க விடல, "மத்த ஸ்டூடண்ட்ஸுக்கு தொந்தரவு"னாங்க. ஒரு மெஷினுக்கு எத்தனை பேர்னு கேட்டதுக்கு "பேட்ச்சைப் பொறுத்து"னு மட்டும்தான் பதில். பழைய மாணவங்க யார்கிட்டயாவது பேசலாமானு கேட்டேன், நம்பர் அனுப்புறோம்னாங்க, இன்னும் வரல.

இன்னொரு இடம் சின்னது, காபி வறுக்குற ஒரு ரோஸ்டரிக்குப் பின்னாடி ஒரு ரூம். ட்ரெய்னர் ஏஎஸ்டி, நானே வெப்சைட்ல தேடிப் பாத்துட்டேன், பேர் இருக்கு. ரெண்டு க்ரூப் மெஷின், ரெண்டு கிரைண்டர், 4 பேருக்கு மேல எடுக்கிறதில்லனு சொன்னாங்க. உள்ள உக்கார விட்டாங்க. ஒரு அக்கா ஷாட் இறக்கி முகத்தைச் சுளிச்சாங்க, ட்ரெய்னர் "புளிப்பா, கசப்பா, முதல்ல அதைச் சொல்லுங்க"னு கேட்டுட்டு கிரைண்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார், அந்த அக்காவையே திருப்ப வச்சார். அப்போவே எனக்கு மனசு அங்க உக்காந்துடுச்சு. பால் எத்தனை லிட்டர்னு கேட்டேன், ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார்!

ஒரே தயக்கம், அது ஃபவுண்டேஷன் மட்டும், ஒரு நாள். அடுத்தது என்ன பண்ணணும்? உடனே இன்டர்மீடியட் சேரணுமா?

அரவை_அளவு
நல்ல இடமா தெரியுது, சேர்ந்துடுங்க. இன்டர்மீடியட்டுக்கு அவசரம் வேண்டாம். ஃபவுண்டேஷன் முடிச்சு சில மாசமாவது கடையில நின்னுட்டு போனா, அங்க சொல்றது ஒவ்வொண்ணும் "ஆமா, அன்னைக்கு இப்படித்தான் ஆச்சு"னு பிடிபடும். அனுபவம் இல்லாம அடுத்தடுத்து படிச்சா சர்டிபிகேட் சேரும், கை அங்கயே நிக்கும்.

ஆனா ஃபவுண்டேஷனுக்கு அப்புறம் இடைவெளி விடாதீங்க. கத்துக்கிட்டது கையில இருக்கும்போதே மெஷின்ல நிக்கணும், இல்லன்னா சீக்கிரம் மறந்துடும். அந்த ரூம் காலியா இருக்கும்போது வந்து பழக விடுவாங்களா, கொட்டைக்கும் பாலுக்கும் மட்டும் பணம் வாங்கிப்பாங்களானு கேளுங்க, சில இடத்துல விடுறாங்க. சேர்றதுக்கு முன்னாடியே கேட்டா இன்னும் நல்லது.

முதல்ஷிஃப்ட்
அதோட கோர்ஸ் தேதிக்கு முன்னாடியே ரெண்டு மூணு கடையில பேசி வைங்க. "இந்தத் தேதியில ஃபவுண்டேஷன் முடிக்கிறேன், வாரக் கடைசியில பார்ட் டைமா வந்து நிக்கலாமா"னு கேளுங்க. எங்களுக்கு எப்பவுமே வாரக் கடைசியிலதான் ஆள் பத்தாது, இப்படிக் கேட்டு வர்ற ஆளை நான் திருப்பி அனுப்பினதே இல்ல. வேலையை விடாமயே ஆரம்பிக்கலாம், நேர்வழி சொன்ன மாதிரி கால் வலி தாங்குதானும் தெரிஞ்சிடும். பேசப் போகும்போது கூட்டம் இல்லாத நேரமா, மத்தியானம் மூணு மணி வாக்குல போங்க, காலையில பீக் நேரத்துல வந்து கேட்டா யாருக்கும் நின்னு பேச நேரம் இருக்காது.

நேர்வழி
இதைத்தான் நான் முதல்லயே சொல்லணும்னு இருந்தேன். ரெண்டும் சேர்ந்து பண்ணுங்க சாரல், வாழ்த்துக்கள்.

சாரல்23
சேர்ந்துட்டேன்! அடுத்த மாசம் கிளாஸ். வாரக் கடைசிக்கு ஒரு கடையில வரச் சொல்லியிருக்காங்க, முதல்ல கவுண்டர்ல நிக்கணும், மெஷின் அப்புறம்னு சொன்னாங்க, சரினுட்டேன். மெஷின் பின்னாடி நிக்கிறதை நினைச்சாலே நெஞ்சு படபடனு அடிக்குது, சந்தோஷத்துல. கிளாஸுக்குப் போகும்போது என்ன எடுத்துட்டுப் போகணும்? இன்னொரு கேள்வி, நான் இடது கைக்காரி, அது பிரச்சனையாகுமா?

க்ரூப்ஹெட்
இடது கை பிரச்சனையே இல்லம்மா. டேம்ப் எந்தக் கையில பண்ணாலும் மணிக்கட்டு மடங்காம நேரா இருக்கணும், முழங்கையை மேல தூக்கி தோளோட எடையை இறக்கணும், அதான் முக்கியம், இல்லன்னா சில மாசத்துலயே மணிக்கட்டு வலி பிடிச்சுக்கும். பால் ஊத்துறது மட்டும் ட்ரெய்னர் காட்டுறதுக்கு எதிர்ப்பக்கமா இருக்கும், அவரை உங்களுக்கு எதிர்ல நின்னு காட்டச் சொல்லுங்க, கண்ணாடியில பாக்குற மாதிரி அப்படியே செஞ்சுடலாம்.

நல்லா சாப்பிட்டுட்டுப் போங்க. அன்னைக்கு நிறைய ஷாட் ருசி பாக்கணும், எல்லாத்தையும் முழுங்காதீங்க, வாயில வச்சுப் பாத்துட்டு துப்பிடுங்க, அதுக்குனே கப் வச்சிருப்பாங்க. ஆரோக்கியமான பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் காஃபீன்தான் அளவுனு சொல்றாங்க, டபுள் ஷாட் சிலதுலயே அதை எட்டிடலாம், கை நடுங்க ஆரம்பிச்சா ஜக்கைப் பிடிக்க முடியாது. மூடின ஷூ, வழுக்காத அடிப்பாகம். சென்ட் போடாதீங்க, வாசனை பிடிக்கிறது கெட்டுடும். நோட்டு ஒண்ணு, ஒவ்வொரு ஷாட்டுக்கும் கிராம், செகண்ட், ருசி மூணையும் எழுதுங்க.

கிளாஸ் முடிஞ்சதும் எல்லாரும் கிளம்புற நேரத்துல மெஷினைக் கழுவுவாங்க. நின்னு, நான் செய்யலாமானு கேட்டு வாங்கிச் செய்ங்க. ஓட்டை இல்லாத பாஸ்கெட்ல க்ளீனிங் பவுடர் போட்டு, தண்ணியைத் திருப்பி உள்ள விட்டுக் கழுவுற பேக்ஃப்ளஷ் பண்றது, தண்ணி இறங்குற சல்லடையை, அதாவது ஷவர் ஸ்க்ரீனைக் கழட்டி தேய்க்கிறது, வாண்டு நுனியைக் கழட்டி ஓட்டையைக் குத்தி சுத்தம் பண்றது. கடையில சேர்ந்ததும் உங்களை முதல்ல செய்யச் சொல்லப் போற மெஷின் வேலை அதுதான்.